வேலை கேட்கும் தாளுக்கும் நல்ல ஆடை வேண்டும்!

சேலம் மாவட்டத்தில் ஜலகண்டாபுரம் ஒரு நெசவு ஊர். பொழுது விடிந்தால் தறிச் சத்தம். பொழுது சாய்ந்தாலும் தறிச் சத்தம். எங்கோ இருக்கிறவர்கள் கட்டிக்கொள்ளும் சேலையும் வேட்டியும் இந்தப் பக்கத்துத் தறிகளில் உருவாகின்றன.

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது பழமொழி. ஊருக்கெல்லாம் ஆடை நெய்து கொடுக்கும் வீடுகளில் இப்போது ஒரு புதுக் கவலை வந்திருக்கிறது. பிள்ளைகள் படித்துவிட்டார்கள். வேலைக்கு மனுப் போடுகிறார்கள். மனுவோடு ஒரு தாள் கேட்கிறார்கள். அதைப் பழைய ஆட்கள் "பயோடேட்டா" என்கிறார்கள். கல்லூரிப் பிள்ளைகள் "ரெஸ்யூம்" என்கிறார்கள். பிள்ளை போவதற்கு முன்னால் அந்தத் தாள் போய் முதலாளி முன் நிற்கிறது. அந்தத் தாள் கந்தலாக இருந்தால், பிள்ளையை யார் கூப்பிடுவார்கள்?

அம்மா கேட்ட கேள்வி

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அப்பா விசைத்தறியில் நிற்கிறார். அம்மா தார் சுற்றுகிறார். மகன் பட்டம் வாங்கிவிட்டான். அந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரி அவன்தான். ஓசூரில் ஒரு தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறான். கடைத்தெருவில் உள்ள கம்ப்யூட்டர் சென்டருக்குப் போகிறான்.

கடைக்காரர் ஒரு பழைய பயோடேட்டாவைத் திறக்கிறார். அது வேறு யாருக்கோ அடித்தது. அதில் பெயரை மாற்றுகிறார். ஊரை மாற்றுகிறார். மார்க்கை மாற்றுகிறார். "அனுபவம் என்ன தம்பி?" என்று கேட்கிறார். "ஒன்றும் இல்லை அண்ணா" என்கிறான் பையன். "அனுபவம்: இல்லை" என்று ஆங்கிலத்தில் ஏறிவிடுகிறது. பத்து நிமிஷத்தில் தாள் தயார். காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வருகிறான்.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்குத் தமிழில் படித்துக் காட்டுகிறான். "அனுபவம் இல்லை" என்ற இடம் வந்ததும் அம்மா தார் சுற்றுவதை நிறுத்துகிறார்.

"ஏன் கண்ணு, நாலு வருஷம் லீவு நாளெல்லாம் அப்பாவோட தறியில நின்னியே. அது வேலை இல்லையா?"

அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி. அறுந்த இழையைக் கண்டு தறியை நிறுத்தத் தெரிந்த பையன் அவன். நூல் எவ்வளவு வந்தது, சேலை எத்தனை போனது என்று கணக்கு எழுதியவன். குறித்த நாளில் சரக்கு போக வேண்டும் என்றால் இரவு கண்விழித்தவன். இவையெல்லாம் தொழிற்சாலைக்காரர் தேடுகிற குணங்கள்! ஆனால் தாளில் ஒன்றுகூட இல்லை. "இல்லை" என்ற ஒரு சொல்தான் இருக்கிறது. அந்தச் சொல்லுக்கும் அவன் காசு கொடுத்திருக்கிறான்.

கடைக்காரர் மேல் குற்றம் இல்லை. அவருக்கு வரிசையில் பத்துப் பேர் காத்திருக்கிறார்கள். அடுத்தவன் கதையை உட்கார்ந்து கேட்க அவருக்கு நேரம் கிடையாது. அந்தக் கதையை அவரவர்தான் எழுத வேண்டும். எழுதுவதற்குக் கருவி வேண்டும். அந்தக் கருவி விலை இல்லாமல் கிடைக்கிறது என்பது பல வீடுகளுக்குத் தெரியவில்லை.

தறி சொல்லும் பாடம்

விலை இல்லாத இந்தக் கருவிகளைக் "கட்டற்ற மென்பொருள்" என்று தமிழில் சொல்கிறார்கள். "திறந்த மூல மென்பொருள்" என்றும் சொல்வதுண்டு. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நெசவாளர் வீட்டில் இதைப் புரியவைப்பது மிகவும் சுலபம்.

தறியின் மேல் ஜக்கார்டு பெட்டி இருக்கிறது. அதில் ஓட்டை போட்ட அட்டைகள் தொங்குகின்றன. எந்த ஓட்டை எங்கே இருக்கிறதோ, அதன்படி சேலையில் பூ விழுகிறது. 1804-ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்து லியோன் நகரைச் சேர்ந்த ஜக்கார்டு என்பவர் இந்த ஏற்பாட்டைச் செய்தார். அதே அட்டை யோசனையை இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ், தாம் திட்டமிட்ட கணக்கு இயந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். 1890-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை ஓட்டை போட்ட அட்டைகளைக் கொண்டுதான் எண்ணினார்கள். கம்ப்யூட்டருக்குத் தறி ஒரு வகையில் தாத்தா முறை!

மென்பொருள் என்பது கம்ப்யூட்டருக்கு உள்ளே இருக்கும் அட்டை. ஒரு முதலாளி அந்த அட்டையைப் பெட்டியில் போட்டுப் பூட்டி வைக்கலாம். "வாடகை கொடு, பூ விழும். அட்டையைப் பார்க்கக் கூடாது, மாற்றக் கூடாது" என்று சொல்லலாம். இன்னொருவர் அட்டையை ஊர் நடுவே தொங்கவிட்டு, "யார் வேண்டுமானாலும் எடுத்து நெய்யுங்கள். கரையை மாற்ற வேண்டுமா? மாற்றிக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்கும் கொடுங்கள்" என்று சொல்லலாம். இந்த இரண்டாவது வகைதான் கட்டற்ற மென்பொருள்.

அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர் 1983-ஆம் ஆண்டில் இந்த இயக்கத்துக்கு வித்திட்டார். ஓட்டிப் பார்க்க, உள்ளே திறந்து படிக்க, பிறருக்குக் கொடுக்க, திருத்தி வெளியிட என்று நான்கு உரிமைகள் உபயோகிக்கிறவருக்கு வேண்டும் என்றார். ஆங்கிலத்தில் "ஃப்ரீ" என்ற ஒரே சொல் இலவசத்தையும் சுதந்திரத்தையும் குறிப்பதால் அங்கே குழப்பம் வந்தது. தமிழில் அந்தக் குழப்பம் இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. இலவசமாகக் கொடுத்தவர் நாளைக்கு விலை கேட்கலாம். ஒருமுறை கட்டை அவிழ்த்துக் கொடுத்த பதிப்பு எல்லோருக்கும் சொந்தமாகி நின்றுவிடுகிறது.

பரணில் தூங்கும் மடிக்கணினி

இந்த விஷயம் தமிழ்நாட்டுக்குப் புதிது அல்ல. 2007-ஆம் ஆண்டு வாக்கிலேயே தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் தன் அலுவலகக் கம்ப்யூட்டர்களில் லினக்ஸையும் ஓப்பன் ஆபீஸையும் கொண்டுவந்தது. அப்போது அதன் மேலாண்மை இயக்குநராக இருந்தவர் சி. உமாசங்கர். அதே 2007-இல் சென்னையில் உள்ள சி-டாக் என்னும் மத்திய அரசு நிறுவனம் "பாஸ்" என்ற லினக்ஸ் பதிப்பை வெளியிட்டது. தமிழ் உள்பட இந்திய மொழிகளில் வேலை செய்வதற்காகவே அது உருவானது.

2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. அந்த மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. லட்சக்கணக்கான பிள்ளைகள் அதை வாங்கினார்கள். எத்தனை பேர் அந்த இரண்டாவது கதவைத் திறந்து பார்த்தார்கள்? பல வீடுகளில் பாட்டும் படமும் பார்த்து முடித்த பிறகு, மடிக்கணினி பரணுக்குப் போய்விட்டது. 2025 மார்ச் மாத நிதிநிலை அறிக்கையில், 2 ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி என்று அரசு மீண்டும் அறிவித்தது. கொடுப்பது ஒரு பாதி. அதை வைத்து என்ன செய்யலாம் என்று சொல்லிக் கொடுப்பது மறு பாதி.

பழைய மடிக்கணினி என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் பயோடேட்டா அடிக்க அது தாராளமாகப் போதும். லினக்ஸில் எடை குறைந்த பதிப்புகள் பல இருக்கின்றன. பழைய இயந்திரத்திலும் அவை ஓடும்.

நான்கு கருவிகள்

முதல் கருவி, லிப்ரே ஆபீஸ். ஜெர்மனியில் ஒரு வாலிபர் தொடங்கிய சிறு கம்பெனியின் சரக்காகப் பிறந்தது. 1999-இல் அமெரிக்காவின் சன் கம்பெனி அதை விலைக்கு வாங்கியது. 2000-இல் அதன் மூலத்தை உலகத்துக்குத் திறந்துவிட்டது. 2010-இல் சன் கம்பெனி கைமாறியதும், உழைத்த தொண்டர்கள் தனியாகப் பிரிந்து வந்து "லிப்ரே ஆபீஸ்" என்று பெயர் வைத்தார்கள். கடிதம் எழுத, கணக்குப் போட, படக்காட்சி செய்ய எல்லாம் இதில் உண்டு. பட்டியல்களையும் கட்டளைகளையும் தமிழிலேயே காட்டும்படி வைத்துக்கொள்ளலாம். எழுதி முடித்த தாளைப் பி.டி.எப். ஆக மாற்றும் வசதியும் உள்ளேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுத்துப்பிழை இருந்தால், எப் 7 விசையைத் தட்டினால் காட்டிக் கொடுக்கும். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை, செல்போன்தான் இருக்கிறது என்றால், இதையே அடிப்படையாகக் கொண்டு செய்த கொலாபோரா ஆபீஸ் செல்போனில் இறங்கும்.

இரண்டாவது, ஓப்பன் ரெஸ்யூம். இது ஆங்கிலத் தாளுக்கு ஏற்றது. இணையத்தைத் திறந்து, கேட்கிற கட்டங்களில் விவரங்களை நிரப்பினால், பக்கத்திலேயே தாள் உருவாகிக்கொண்டு வரும். பெயர் பதிய வேண்டாம். கடவுச்சொல் வேண்டாம். நிரப்பிய விவரம் நிரப்பியவரின் கம்ப்யூட்டரிலேயே தங்குகிறது. வேறு எங்கும் போவதில்லை.

மூன்றாவது, ரியாக்டிவ் ரெஸ்யூம். அம்ருத் பிள்ளை என்பவர் தொடங்கியது. பல அச்சுகளில் தாளை அமைத்துப் பார்க்கலாம். விளம்பரம் கிடையாது. ஒருமுறை நிரப்பி வைத்தால், வேலைக்கு ஏற்றபடி பிரதி எடுத்துத் திருத்திக்கொள்ளலாம். இதற்கு மட்டும் பெயர் பதிந்துகொள்ள வேண்டும்.

நான்காவது, லாங்குவேஜ் டூல். 2003-இல் டேனியல் நேபர் என்ற ஜெர்மானியர் தம் படிப்புக்கான ஆய்வாகத் தொடங்கினார். வாக்கியத்தில் உள்ள இலக்கணப் பிழைகளைச் சுட்டிக் காட்டும். இதன் அடிப்படைப் பகுதி திறந்த மூலம். கூடுதல் வசதிகளுக்குக் காசு கேட்பார்கள். அது இல்லாமலே காரியம் நடக்கும்.

இணையத்தில் வேறு சில கடைகளும் உண்டு. வாசலில் "இலவசம்" என்று பலகை தொங்கும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் நிரப்பிய பிறகு, தாளை இறக்கும்போது காசு கேட்பார்கள். சில இடங்களில் முதலில் சிறு தொகை எடுப்பார்கள். பிறகு மாதா மாதம் கணக்கிலிருந்து காசு போய்க்கொண்டே இருக்கும். வங்கி அட்டை எண்ணைக் கேட்டால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுவது நல்லது.

தாளை முதலில் படிப்பது யார்?

பெரிய கம்பெனிகளுக்கு ஒரு வேலைக்கே ஏராளமான மனுக்கள் வருகின்றன. பல இடங்களில் அவற்றை முதலில் மனிதர் படிப்பதில்லை. இயந்திரம் படிக்கிறது. பெயர் எது, படிப்பு எது, தெரிந்த வேலை எது என்று பிரித்து எடுத்துக்கொள்கிறது. அதிகாரி தேடும் சொல் அந்தத் தாளில் இருந்தால் மேலே எடுத்து வைக்கிறது. இல்லாவிட்டால் தாள் அடியில் தங்கிவிடுகிறது.

இயந்திரத்துக்கு அலங்காரம் பிடிக்காது. தாளின் நடுவே கோடு போட்டு இரண்டு பத்தியாகப் பிரித்தால், சில இயந்திரங்கள் குறுக்கே படித்துவிடும். பள்ளிக்கூடத்தின் பெயர் ஒரு பக்கம், போன் நம்பர் மறு பக்கம் என்று கலந்துவிடும். பெயரையும் முகவரியையும் படமாகப் போட்டால் பெரும்பாலும் அதற்குத் தெரியாது. கட்டங்களுக்குள் கட்டம் போட்டால் தடுமாறும். ஆகவே ஒரே பத்தி, தெளிவான தலைப்பு, சாதாரண எழுத்து போதும்.

தாள் சரியாக இருக்கிறதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். பி.டி.எப். தாளைத் திறந்து, எல்லா எழுத்தையும் தேர்ந்து நகல் எடுத்து, வெறும் குறிப்பேட்டில் ஒட்டிப் பார்க்க வேண்டும். வரிகள் ஒழுங்காக வந்தால் இயந்திரமும் ஒழுங்காகப் படிக்கும். கலைந்து வந்தால் தாளைத் திருத்த வேண்டும். மேலே சொன்ன ஓப்பன் ரெஸ்யூமிலும் இந்தச் சோதனைக்கு இடம் இருக்கிறது. தாளை அதில் போட்டால், இயந்திரம் எதை எப்படிப் படிக்கும் என்று பிரித்துக் காட்டும்.

தமிழில் மனு எழுதுகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பழைய டி.டி.பி. எழுத்துருக்களில் அடித்த தமிழ், அடித்த கடையில் அழகாகத் தெரியும். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் திறந்தால், ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். மனுவைப் பெற்றவர் ஒன்றும் புரியாமல் மூடிவிடுவார். யூனிகோடு தமிழில் அடித்தால் எங்கும் தமிழாகவே தெரியும். 2010-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது. கடையில் அடிக்கக் கொடுத்தாலும் "யூனிகோடில் அடியுங்கள் அண்ணா" என்று கேட்டு வாங்க வேண்டும்.

ஓவியர் எழுதிய மனு

கருவி கிடைத்துவிட்டது. அதில் என்ன எழுதுவது? இங்கேதான் பல பிள்ளைகள் திணறுகிறார்கள்.

சுமார் 1482-ஆம் ஆண்டில் இத்தாலி தேசத்தில் ஒருவர் மிலான் நகரத்து ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்ஃபோர்சாவிடம் வேலை கேட்டு ஒரு கடிதம் தயாரித்தார். ஆட்சியாளருக்கு யுத்தக் கவலை என்று அவருக்குத் தெரியும். ஆகவே, "எளிதில் தூக்கிச் செல்லும் பாலம் கட்டத் தெரியும், கோட்டையைத் தகர்க்கத் தெரியும்" என்று வரிசையாக எழுதினார். "ஓவியமும் வரைவேன்" என்று கடைசியில்தான் சேர்த்தார். அவர் யார் தெரியுமா? உலகப் புகழ் பெற்ற ஓவியர் லியோனார்டோ டாவின்சி!

முதலாளிக்கு எது தேவையோ, தெரிந்ததில் அதை முதலில் சொல்ல வேண்டும் என்பதே அந்தக் கடிதத்தின் பாடம்.

இந்தப் பாடத்தை ஜலகண்டாபுரத்து வீட்டுக்குக் கொண்டு வரலாம். பையன் மனுப் போடுவது தொழிற்சாலை வேலைக்கு. "அனுபவம்: இல்லை" என்ற வரியை அடித்துவிட வேண்டும். அந்த இடத்தில், "குடும்பத் தறிக்கூடத்தில் 4 ஆண்டு, விடுமுறை நாட்களில் வேலை. 2 விசைத்தறிகளைக் கவனித்தல். இழை அறுந்தால் நிறுத்தி இணைத்தல். எண்ணெய் போடுதல், சிறு பழுது பார்த்தல். நூல் வரவு, சேலை அனுப்புதல் கணக்கு" என்று எழுத வேண்டும். ஒவ்வொன்றும் உண்மை. ஒவ்வொன்றும் அவன் செய்தது. அதிகாரி கேள்வி கேட்டால் கண்ணைப் பார்த்துப் பதில் சொல்ல முடியும்.

அவன் தங்கை ஒரு கடையில் கணக்கு வேலைக்கு மனுப் போடுகிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். அவள் தறி விவரத்தை முதலில் எழுத வேண்டியதில்லை. "சேலைகளைப் படம் எடுத்து வியாபாரிகளுக்குச் செல்போனில் அனுப்பி, ஆர்டர் குறித்து, வரவு வைத்தேன்" என்பதை முதலில் எழுத வேண்டும். ஒரே வீட்டு வேலைதான். ஆனால் இரண்டு தாள், இரண்டு வரிசை.

எண் போட்டு எழுதுவது நல்லது. "பொறுப்பாக உழைப்பேன்" என்று எல்லோரும் எழுதுகிறார்கள். "2 தறி, 4 ஆண்டு" என்று எழுதுகிறவனை அதிகாரி நினைவில் வைத்துக்கொள்வார். புதிதாகப் படிப்பை முடித்தவருக்கு ஒரு பக்கம் போதும். ஆதார் எண், பான் எண், வங்கிக் கணக்கு எண் எதையும் தாளில் போடக் கூடாது. சாதி, மதம் எதுவும் தேவை இல்லை. கேட்கிற இடத்தில் மட்டும் கேட்டதைக் கொடுத்தால் போதும்.

ஊர்ப் பெயரைத் தயங்காமல் எழுத வேண்டும். சில பிள்ளைகள் "சேலம்" என்று போட்டுவிட்டுச் சொந்த ஊரை மறைக்கிறார்கள். நாடகாசிரியர் ஜலகண்டபுரம் ப. கண்ணன் தம் பெயருக்கு முன்னால் ஊரை வைத்துக்கொண்டார். அவரால் ஊருக்குப் பெருமை. ஊரால் அவருக்கு அடையாளம்!

பொய் நெய்த துணி வெளுக்கும்

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம்" என்பார்கள். வேலைக்கு அது உதவாது. தெரியாத வேலையைத் தெரியும் என்று எழுதினால், முதல் கேள்வியிலேயே சாயம் போய்விடும். இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்டன. இரண்டு வரி கொடுத்தால் இருபது வரி எழுதித் தருகின்றன. ஆங்கிலத்தைத் திருத்திக்கொள்ள அவற்றை உபயோகிக்கலாம். ஆனால் செய்யாத வேலையையும் அவை அழகாக எழுதிவிடும். ஒவ்வொரு வரிக்கும் விரலை வைத்து, "இது நான் செய்ததா?" என்று கேட்டுப் பார்த்த பிறகே அனுப்ப வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. தாள் நன்றாக இருக்கிறது, வேலை தயார், முதலில் பணம் கட்டுங்கள் என்று போன் வரும். நம்பக் கூடாது. வேலை கொடுக்கிறவர் சம்பளம் கொடுப்பார், காசு கேட்கமாட்டார். ஏமாந்துவிட்டால் தயங்காமல் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்ய வேண்டும். மத்திய அரசு 2015-இல் தொடங்கிய தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளத்திலும், தமிழ்நாடு அரசின் தனியார்துறை வேலைத் தளத்திலும் பதிவதற்குக் கட்டணம் கிடையாது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்திலும் பதிவு இலவசம்தான்.

ஊர் செய்ய வேண்டியது

கருவிக்கு விலை இல்லை. கற்றுக் கொடுக்க ஆள் வேண்டும். அதை யார் செய்வது?

சுதந்திர இந்தியாவில் முதன்முதலில் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது சென்னை மாகாணம்தான். ஆண்டு 1948. அந்தச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. தறி ஓட்டிச் சம்பாதித்த காசில் நெசவாளரும் அதைக் கட்டுகிறார். ஆகவே நூலகத்திடம் கேட்க அவருக்கு உரிமை உண்டு. ஊர் நூலகத்தில் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், அதில் லிப்ரே ஆபீஸ். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் விஷயம் தெரிந்த ஒரு வாலிபர். இவ்வளவுதான் கேட்பது. மென்பொருளுக்கு ஒரு பைசா செலவு இல்லை என்பதால், பணம் இல்லை என்று சொல்வதற்கு இடம் குறைவு.

இப்படிச் செய்யும் ஆட்கள் தமிழ்நாட்டில் இல்லாமல் இல்லை. விழுப்புரத்தில் ஒரு லினக்ஸ் பயனர் குழு, கிராமத்து மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளைக் கற்றுக் கொடுத்து வருகிறது. சென்னையில் 1998 முதலே ஒரு லினக்ஸ் குழு இருக்கிறது. "கணியம்" என்ற இணைய இதழ் 2012 முதல் இவற்றைத் தமிழில் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிடுகிறது. விழுப்புரத்தில் முடிந்தது ஜலகண்டாபுரத்தில் முடியாதா? எடப்பாடியிலும் தாரமங்கலத்திலும் நங்கவள்ளியிலும் முடியாதா? வேலை கிடைத்துப் பெங்களூருக்கும் சென்னைக்கும் போன இந்த ஊர்ப் பிள்ளைகள், பண்டிகைக்கு ஊர் வரும்போது ஒரு காலைப் பொழுதை ஒதுக்கினால் போதும்.

கல்லூரிகளுக்கும் ஒரு சொல். கடைசி ஆண்டில், கடைசி மாதத்தில், எல்லோருக்கும் ஒரே அச்சில் ரெஸ்யூம் அடித்துக் கொடுப்பதால் பயன் இல்லை. முதல் ஆண்டிலேயே ஒவ்வொரு மாணவரும் தம் தாளைத் தாமே தொடங்க வேண்டும். ஆண்டுதோறும் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

பெற்றோருக்கும் வேலை இருக்கிறது. தாள் ஆங்கிலத்தில் இருக்கிறது, தனக்கென்ன தெரியும் என்று ஒதுங்க வேண்டாம். பிள்ளையை உட்காரவைத்துத் தமிழில் படித்துக் காட்டச் சொல்ல வேண்டும். பிள்ளை மறந்த வேலை அம்மாவுக்கு நினைவிருக்கும். பிள்ளை சின்னது என்று விட்டது அப்பாவுக்குப் பெரிதாகத் தெரியும்.

அந்த வீட்டில் அன்று இரவு மடிக்கணினி பரணிலிருந்து இறங்கினால், அம்மா வரிசையாகச் சொல்லட்டும். பிள்ளை தட்டட்டும். முதலில் "அனுபவம்: இல்லை" என்ற வரி போகட்டும். தாளுக்கு ஆடை நெய்யக் கருவி கிடைக்கிறது, காசு இல்லாமல். நூல் அந்த வீட்டிலேயே இருக்கிறது, வருஷக் கணக்காக!